மிளகு வியாபாரியும் பூமணி அக்காவின் மூன்றும்

பூமணி அக்கா வாக்குச் சீட்டைக் குசினி மேசையில் விரித்து வைத்தார். கண்ணாடியை மூக்கின் மேல் தள்ளிவிட்டுக்கொண்டு என்னைப் பெருமையோடு பார்த்தார்.

"தம்பி சிவம், வடிவாப் பாரும். உமக்குத்தான் ஒண்டு போட்டிருக்கிறன்."

என் பெயருக்கு நேரே இருந்த கட்டத்தில், நீல மையில், அச்சடித்தாற்போல ஓர் 1.

நான் அங்கே வாக்குக் கேட்கப் போகவில்லை. அரிசி கொடுக்கப் போனேன். லிஃப்ட் பழுது. பத்துக் கிலோப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நாலாம் மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. அந்த 1ஐக் கண்டதும் வாங்கிய மூச்சும் நின்றுவிட்டது.

வேட்பாளனுக்குச் சீட்டைக் காட்டலாமா என்று கேட்காதீர்கள். கூடாதென்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் மாநிலத்தில் நகரசபைத் தேர்தலுக்குச் சீட்டை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மேசையை மூடுகிற அளவுக்குப் பெரிய தாள். ஆறுதலாக இருந்து நிரப்பி, ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்ப் பெட்டியில் போடலாம். ஞாயிறு வேலை என்றால் தபாலில் அனுப்பலாம். அப்படியொரு தாள் வெட்டின வெங்காயத்துக்குப் பக்கத்தில் விரிந்து கிடந்தால் கண் போகாமல் என்ன செய்யும்?

"அக்கா, மற்ற ஆக்களுக்கு?"

"இரண்டு டொக்டர் மனிசிக்கு. நீர்தானே நோட்டீஸில எழுதியிருந்தீர். மூண்டை அந்தச் சோபாக்காரனுக்குப் போட்டு விட்டனான்."

"அவருக்கு ஏன் அக்கா மூண்டு?"

"பஸ் வேண்டாமெண்டு கை தூக்கினவன் அவன்தானே? மூண்டு ஒரு நல்ல காரியத்துக்கும் உதவாது. மூண்டு பேராய் நாங்கள் ஒரு இடத்துக்குப் போவமோ? அதுதான் அவனுக்கு மூண்டு. எல்லாருக்கும் போன் எடுத்துச் சொல்லியும் போட்டன்."

"எல்லாருக்கும் எண்டால்?"

"எல்லாருக்கும்தான்."

தேர்தலுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

விஷயம் புரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஊரில் ஜனாதிபதித் தேர்தலில் 1 என்று போட்டால் முதல் விருப்பு, 2 என்றால் அடுத்தது, 3 என்றால் அதற்கும் அடுத்தது. பூமணி அக்கா கடைசியாக அங்கே வாக்களித்தது அப்படித்தான். எங்கள் ஜெர்மன் நகரத்திலோ கட்டத்தில் எழுதும் எண் வரிசை அல்ல, வாக்குகளின் எண்ணிக்கை. ஒருவருக்கு அதிகபட்சம் மூன்று வாக்குக் கொடுக்கலாம். 3 என்று எழுதினால் மூன்று வாக்கு. 1 என்றால் ஒன்றே ஒன்று.

அக்கா தன் முழு அன்பையும் எனக்குக் கொடுத்து, முழு வாக்கையும் என் எதிராளிக்குக் கொடுத்திருந்தார்.

கவுஃப்மன் என்ற ஒரு சொல்

கடை வைத்த கதையை இந்த இதழில் சில வாரங்களாக எழுதி வருகிறேன். போன வாரம் ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். "கடை சரி, நீங்கள் தேர்தலில் நின்றதாகக் கேள்விப்பட்டேனே, அதை ஏன் மறைக்கிறீர்கள்?" என்று. மறைக்கவில்லை ஐயா. வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

அதைச் சொல்வதென்றால் இன்னொரு மனிதரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அவர் செத்து நூறு வருடத்துக்கு மேலாகிறது. அவர் இல்லாவிட்டால் நான் பேசாமல் கறிவேப்பிலை விற்றுக்கொண்டு இருந்திருப்பேன்.

எண்பதுகளில் கிழக்கு ஜெர்மனியின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ரயிலேறி மேற்கு பெர்லினுக்கு வந்த ஆயிரம் பொடியன்களில் நானும் ஒருவன். அகதி விண்ணப்பம் எழுதிய அதிகாரி தொழில் என்ன என்று கேட்டார். எனக்குத் தொழிலே இல்லை. கையிலிருந்த சின்ன அகராதியைப் புரட்டினேன். நல்ல மரியாதையான சொல்லாக ஒன்று அகப்பட்டது. 'கவுஃப்மன்' என்றேன். வியாபாரி என்று அர்த்தம். அதுவரை நான் ஒரு மாங்காய்கூட விற்றதில்லை.

அந்தச் சொல் என் கோப்போடு ஊர் ஊராகப் பயணம் செய்தது. ஸ்டுட்கார்ட்டில் ஒரு பெண் அதிகாரி, "கவுஃப்மன் என்றால் படித்த சான்றிதழ் எங்கே?" என்று கேட்டபோதுதான் இந்த நாட்டில் வியாபாரம் செய்வதற்கும் மூன்று வருடம் படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது.

பிறகு உணவகத்தில் கோப்பை கழுவி, தொழிற்சாலையில் திருகாணி பூட்டி, கடைசியில் ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத் தூரத்தில் இருக்கும் இந்தச் சிறு நகரத்தில் கடை எடுத்தேன். சந்தைச் சதுக்கத்தை ஒட்டிய பழைய வீட்டின் கீழ்த்தளம். வாசலுக்கு மேலே ஒரு செப்புத் தகடு. அதில் முதல் வரியில் ஒரு பெயர். இரண்டாவது வரியில், 'கவுஃப்மன், நகரத் தலைவர், சட்டசபை உறுப்பினர்.'

நான் பொய்யாகச் சொன்ன சொல் என் கடை வாசலிலேயே பித்தளையில்... இல்லை, செம்பில் பதிந்திருந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சாவி கொடுக்க வந்த வீட்டுக்காரர் என்னைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

மிளகுக்காரர்

தகட்டில் இருந்த பெயர் கோட்லோப் பையர்லே. எழுத்தை அப்படியே கூட்டினால் எங்கள் ஆட்களுக்குப் 'பெயர்லே' என்றுதான் வரும். பெயரிலேயே பெயர் இருந்த மனிதர் பெயரால்தான் தோற்றார். அதற்கு வருகிறேன்.

கடைச் சுவருக்கு வண்ணம் பூசப் பழைய பூச்சைச் சுரண்டினோம். நாலு படை உரிந்தது. ஐந்தாவது படையில் கறுப்பு எழுத்துகள் தெரிந்தன. ஜெர்மனில், பழைய எழுத்துக்கூட்டலில், 'மிளகு. கோப்பி. சிலோன் கறுவா.'

சிலோன் கறுவா. சுரண்டியைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் நாட்டுச் சரக்கு எனக்கு முன்னமே இந்தக் கடைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது. இந்த ஆள் யார் என்று அறியாமல் இனித் தூக்கம் வராது.

நகர ஆவணக் காப்பகம் கிழமையில் ஒரு நாள்தான் திறக்கும். அதற்கும் டெர்மீன், அதாவது முன்கூட்டியே நேரம், எடுக்க வேண்டும். எடுத்தேன். அங்கே இருந்தவர் ஃப்ரவ் லாங்கே என்ற மெலிந்த பெண்மணி. பையர்லேயைப் பற்றி யாரோ ஒருவர் வந்து கேட்கமாட்டாரா என்று பல வருடம் காத்திருந்தவர் என்று நினைக்கிறேன். நான் கேட்டது ஒரு கேள்வி, அவர் கொண்டுவந்து வைத்தது ஏழு பெட்டி.

பையர்லே மலைப்பக்கத்து நெசவுக்காரர் ஒருவரின் ஏழாவது பிள்ளை. முதுகில் மரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊசி, நூல், மிளகு என்று கிராமம் கிராமமாக விற்றிருக்கிறார். பெட்டி கனத்ததோ கால் வலித்ததோ, ஒரு நாள் இந்த நகரத்தில் இறக்கி வைத்துவிட்டுக் கடை திறந்துவிட்டார். மிளகை வாடிக்கையாளர் முன்னால் கொட்டி, கல்லைப் பொறுக்கிவிட்டுத்தான் நிறுப்பாராம். அதைப் பார்க்கவே கூட்டம் கூடியிருக்கிறது.

ஆனால் ஊருக்கு அவர் வந்தான் வரத்தான்தான். இந்தப் பக்கத்து ஆட்கள் வெளியூர்க்காரனை அழைக்க ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். 'உள்ளே வந்து ருசி பார்த்தவன்' என்பது அதன் நேரடிப் பொருள். நாற்பது வருடம் இருந்தாலும் ருசி பார்த்தவன்தான். என்னையும் அப்படித்தான் சொல்கிறார்கள். நானும் ருசிப்பண்டம் விற்கிறவன் ஆகையால் எனக்குக் கோபம் வருவதில்லை.

அந்தக் காலத்தில் நகரத்துக் குடியுரிமை இல்லாதவன் தேர்தலில் நிற்க ஏலாது. பேக்கரி வைத்திருந்த ஒரு விதவையைக் கல்யாணம் செய்த பிறகுதான் பையர்லேக்கு அது கிடைத்தது. காதல் கல்யாணம் என்று அவர் வழி வந்தவர்கள் சொல்கிறார்களாம். அதைச் சொல்லும்போது ஃப்ரவ் லாங்கே கண்ணைச் சிமிட்டினார். எனக்குக் குடியுரிமை கிடைக்கப் பதினாறு வருடம் எடுத்தது. பேக்கரி விதவை ஒருவரும் அகப்படவில்லை. (இந்த வரியை என் மனைவி சாந்தி வாசித்துவிட்டு, வெட்டாதீர்கள், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.)

குடியுரிமை வந்ததும் நகரசபைக்கு நின்றார். ஊரே அவருக்கு ஆதரவு. தோற்றுப்போனார்.

எப்படி? அப்போது அச்சடித்த சீட்டுக் கிடையாது. வாக்காளர் தன் கையால் பெயரை எழுத வேண்டும். ஊரில் எவரும் அவரைப் பையர்லே என்று கூப்பிட்டதே இல்லை. செல்லப் பெயர் 'ஃபெஃபர்லே', குட்டி மிளகு. அன்போடு எல்லாரும் 'குட்டி மிளகு' என்று எழுதிப் போட்டார்கள். அப்படியொரு ஆள் பதிவேட்டில் இல்லை என்று அத்தனை சீட்டையும் தள்ளிவிட்டார்கள்.

ஏழாம் பெட்டியில் அந்தச் சீட்டு ஒன்று இருந்தது. பழுப்பேறிய துண்டுக் கடதாசி. ஃப்ரவ் லாங்கே கையுறை போட்டுத்தான் தொடவிட்டார்.

அடுத்த முறை மனிதர் புத்தியாக நடந்தார். ஒவ்வொரு மிளகுப் பொட்டலத்திலும் முழுப்பெயரை அச்சடித்துவிட்டார். வீட்டுக்கு வீடு குசினியில் அவர் பெயர் கிடந்தது. பார்த்து எழுத வேண்டியதுதான் பாக்கி. வென்றார். பிறகு நகரத் தலைவரானார். பிறகு ஸ்டுட்கார்ட் சட்டசபைக்கும் போனார்.

அங்கே அவர் கேட்டது ஒன்றே ஒன்று, ரயில். எங்கள் ஊரை விட்டுவிட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கமாகத் தண்டவாளம் போடத் திட்டம். பையர்லே அதிகாரிகளை வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார். பனி உருகிச் சேறாகிற மாதமாகப் பார்த்து அழைத்தார். வண்டியை ஊரிலேயே மோசமான தெருவால் கொண்டுவரச் சொன்னார். வண்டி புதைந்தது. கனவான்கள் இறங்கி நடந்ததில் ஒருவருடைய சப்பாத்து சேற்றோடு போய்விட்டது. அவர் ஒற்றைச் சப்பாத்தோடு கோப்பி குடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாராம்.

"இதற்கு ஆவணம் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"இல்லை," என்றார் ஃப்ரவ் லாங்கே. "அதனால்தான் சந்தோசமாகச் சொல்ல முடிகிறது."

சாந்தியின் மணிக்கட்டு

அன்று காப்பகத்திலிருந்து வீட்டுக்கு ஓடியே வந்தேன். சாந்தி கதிரையில் இருந்தாள். இடது கையில் கட்டு.

மலையுச்சியில் இருக்கும் முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை. எங்கள் பெண்கள் பலருக்கும் அங்கேதான் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஒரு பஸ் இருந்தது. ஆட்கள் போதாதென்று நகரசபை அதை நிறுத்தியது. ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில். அதிலிருந்து காலை வேலைக்காரர்கள் நாற்பது நிமிடம் மலையேறி நடந்தார்கள். தையில் ஒரு ஞாயிறு சாந்தி பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். எழுந்து, மேலே நடந்து, ஒரு கையால் இரண்டு கிழவிகளுக்குக் காலைச் சாப்பாடு கொடுத்த பிறகுதான் சொல்லியிருக்கிறாள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் அல்ல. யாரோடு கோபிப்பது என்று தெரியாமல் பனியைத் திட்டினேன்.

நான் மூச்சிரைக்கச் சொன்னேன். "சாந்தி, இந்த மனுசன் மிளகு வித்துப்போட்டு ரயிலைக் கொண்டு வந்திருக்கிறான்."

அவள் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள். "நீங்கள் ஒரு பஸ்ஸைக் கொண்டு வாங்கோவன் பாப்பம்."

அவ்வளவுதான். அடுத்த கிழமையே பிள்ளைகள் வைத்தியர் ஃப்ரவ் ஹார்ட்மனிடம் போனேன். எங்கள் பிள்ளைகள் எல்லாருக்கும் தடுப்பூசி போட்டவர். கட்சி சாராத ஒரு வேட்பாளர் பட்டியலுக்குத் தலைவர். அந்தப் பட்டியலுக்கு வழக்கமாகக் கிடைப்பது இரண்டு இடம். ஒன்று அவருக்கு நிச்சயம். மற்றது பல வருடமாகக் கெஸ்லரிடம் இருந்தது. தளபாடக் கடை வைத்திருப்பவர், எங்கள் ஆட்களுக்குச் சோபாக்காரர். பஸ்ஸுக்கு எதிராகக் கை தூக்கியவரும் அவர்தான். பட்டியலுக்குள் யாருக்கு வாக்கு அதிகமோ அவருக்கு இடம்.

கணக்கு எனக்கு உடனே விளங்கியது. கெஸ்லரை நான் முந்தினால் ஒரு கை மாறும். ஒரு கை மாறினால் பஸ் வரும்.

டொக்டர் என் பெயரைச் சேர்த்துக்கொண்டார். சிவபாதசுந்தரம் நடராஜா. வாக்குச் சீட்டில் இரண்டு வரி பிடித்தது.

எங்கள் ஆட்களுக்குத் தமிழில் ஒரு நோட்டீஸ் எழுதினேன். இங்கேதான் என் புத்தி புல் மேயப் போனது. ஜெர்மன் நோட்டீஸில் 'சிவபாதசுந்தரத்துக்கு மூன்று வாக்கு' என்று மொட்டையாக இருந்தது. தமிழில் எழுதும்போது அது எனக்கு அழகாகப் படவில்லை. கொஞ்சம் நயமாக, 'உங்கள் உள்ளத்தில் முதலிடத்தை எனக்கும், இரண்டாம் இடத்தை நம் அன்புக்குரிய டொக்டருக்கும் தாருங்கள்' என்று எழுதினேன். எழுதிவிட்டு மூன்று தரம் வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன். எவ்வளவு திருப்தி எனக்கு.

ஆக, பூமணி அக்காவில் பிழை இல்லை. நான் கேட்டதைத்தான் கொடுத்தார். இங்கே பிறந்த பிள்ளைகளாவது திருத்தியிருக்கக் கூடாதா என்றால், ஜெர்மன் பள்ளிக்கூடத்தில் 1தான் அதி உயர்ந்த புள்ளி. அம்மா 1 போட்டதைப் பார்த்து, சரிதான் என்று தலையாட்டியிருக்கிறார்கள்.

வெள்ளியும் சனியும்

நாலாம் மாடியிலேயே அக்காவிடம் விளக்கினேன். அவர் சீட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்.

"அப்ப அந்தச் சோபாக்காரனுக்கு மூண்டு வாக்கா போயிருக்கு?"

"ஓம் அக்கா."

"நான் சொல்லி?"

அவர் அடுப்பை நிறுத்திவிட்டு மேலங்கியை மாட்டினார். "நடவும். வீடு வீடாய்ப் போவம்."

பிழையாக எழுதியவர்களுக்கு வாக்குச் சாவடியில் புதுச் சீட்டுக் கொடுப்பார்கள். ஆகவே ஞாயிறு நேரில் போகிறவர்களைக் காப்பாற்றிவிடலாம். தபாலில் போட்டவர்களை ஒன்றும் செய்ய ஏலாது. தபாலில் போட்டவர்கள் யார்? ஞாயிறு காலை வேலைக்குப் போகிறவர்கள். பஸ் இல்லாமல் நடக்கிற அதே பெண்கள்.

வெள்ளியும் சனியும் நான் ஓடிய ஓட்டத்தை விமானம் பிடிக்கவும் ஓடியதில்லை. சாந்தி ஆறிய கையால் போனைப் பிடித்தபடி ஒரு தாளில் பெயர்களை எழுதினாள். 'போட்டாச்சு', 'போடேல்லை' என்று இரண்டு வரிசை. 'போட்டாச்சு' வரிசை நீண்டுகொண்டே போனது.

எனக்குப் பையர்லே ஞாபகம் வந்தது. கடையில் இருந்த ஒவ்வொரு பொட்டலத்திலும், மிளகு, மல்லி, மிளகாய்த்தூள் என்று பார்க்காமல், தடித்த பேனையால் எழுதினேன். '3 என்றால் மூன்று வாக்கு.' ஒரு ஜெர்மன் கிழவர் மிளகாய்த்தூளைக் கையில் எடுத்து, இந்த 3 காரத்தின் அளவா என்று கேட்டார். ஆம் என்று சொல்லிவிட்டேன். விளக்க நேரமில்லை.

ஆனால் எல்லாரும் நம்பவில்லை. மலையடிவாரத்தில் குடியிருக்கும் ஒரு தம்பி போனில் என்னோடு மல்லுக்கட்டினார்.

"அண்ணை, நோட்டீஸ் என்ர கையிலதான் இருக்கு. முதலிடம் எண்டு வடிவா எழுதிக் கிடக்கு. இப்ப மூண்டு போடட்டாம் எண்டு கதை பரப்புறாங்கள். இது ஆரோ எதிராக்களின்ர வேலை."

"தம்பி, நான்தான் சிவம் கதைக்கிறன்."

"சிவம் அண்ணை இப்பிடிக் கதைக்க மாட்டார். அவர் விசயம் தெரிஞ்ச மனுசன். போனை வையுங்கோ."

ஞாயிறு வாக்குச் சாவடி வாசலில் பூமணி அக்காவைக் கண்டேன். புதுச் சீட்டு வாங்கி எழுதிப் போட்டுவிட்டு வந்தார். முகம் வாடியிருந்தது.

"உமக்கு மூண்டு போட எனக்குக் கை கூசிப்போச்சுது தம்பி," என்றார்.

திரையில் ஓடிய பெயர்கள்

நகரசபை வாக்குகளைத் திங்கட்கிழமை பகலில்தான் எண்ணுவார்கள். ராட்ஹவுஸ் என்கிற நகரசபைக் கட்டட மண்டபத்தில் திரை கட்டி, ஒவ்வொரு வட்டாரமாக முடிவு போடுவார்கள். கடையைச் சாந்தியிடம் விட்டுவிட்டுப் போனேன். டொக்டர் எனக்குப் பக்கத்தில் ஒரு கதிரை பிடித்து வைத்திருந்தார். கெஸ்லர் முன் வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு.

பழைய நகர வட்டாரம் வந்தது. நான் முன்னால். என் கண்ணையே நம்ப முடியவில்லை. இரண்டு வரிப் பெயர் கெஸ்லருக்கு மேலே நின்றது. ரயில் நிலைய வட்டாரம், மறுபடி நான். பாண் வாங்க வருவோர், தபால்காரர், மிளகாய்த்தூள் கிழவர், யார் யாரோ ருசி பார்த்தவனுக்கு மூன்று போட்டிருந்தார்கள். டொக்டர் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார்.

ஒரே ஒரு வட்டாரம் பாக்கி. மலையடிவாரம். தமிழர் வீடுகள் உள்ள இடம்.

"அது உங்களுடைய இடம்தானே," என்று டொக்டர் மகிழ்ச்சியோடு சொன்னார்.

"ஆம்," என்றேன். சாந்தியின் 'போட்டாச்சு' வரிசை நினைவுக்கு வந்தது.

திரை மாறியது. கெஸ்லர் என்னைத் தாண்டி மேலே ஏறினார். மொத்தத்தில் பதினொரு வாக்கு வித்தியாசம்.

என் ஆட்களின் அன்பினால் நான் தோற்றேன். மண்டபத்தில் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தோற்றது ஒரு பக்கம். ஓர் அழகான வாக்கியத்துக்கு ஆசைப்பட்டு, சாந்தியை இன்னும் ஐந்து வருடம் மலையேற வைத்துவிட்டேனே என்பதுதான் தாங்கவில்லை.

சோபாக்காரர் வந்தார்

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கெஸ்லர் கடைக்கு வந்தார். அதுவரை அவர் என் கடைப்படியை மிதித்ததில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வெண்டைக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார்.

"ஹெர் நடராஜா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மலையடிவாரத்தில் எனக்கு எந்தத் தேர்தலிலும் வாக்கு விழுந்ததில்லை. இந்த முறை உங்கள் மக்கள் எனக்கு மூன்று மூன்றாகப் போட்டிருக்கிறார்கள். நீங்கள் நிற்கும்போதே. நான் பஸ்ஸுக்கு எதிராகக் கை தூக்கிய பிறகும். நேற்று முழுதும் யோசித்தேன். ஏன் இப்படிச் செய்தார்கள்?"

அவர் கண் கலங்கியிருந்தது. சத்தியமாக.

என் வாயில் பதில் தயாராக இருந்தது. நல்ல இலக்கணச் சுத்தமான ஜெர்மன் வாக்கியம். பிழையாகப் போட்டார்கள் ஐயா, உங்களைத் தண்டிக்கப் போட்டார்கள், அந்த இடம் என்னுடையது. சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும். வாயைத் திறந்தும்விட்டேன்.

சாந்தி சாமான் தட்டுக்குப் பின்னாலிருந்து வந்தாள். அவளுடைய ஜெர்மன் மெதுவானது, ஆனால் ஒரு சொல்லும் வீணாகாது.

"ஹெர் கெஸ்லர், எங்கள் ஆட்கள் யோசிக்காமல் ஒருவருக்கு மூன்று போடுவதில்லை. அவர்கள் ஞாயிற்றுக்கிழமை விடிய மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள். உங்களை அவர்கள் மறக்கவில்லை."

கெஸ்லர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பஸ்ஸா?"

"அதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஞாயிறு ஐந்தரைக்கு, கீழே பாலத்தடியில் நிற்போம்."

அவர் போனதும் நான் சாந்தியைப் பிடித்தேன். "உது பொய்யல்லோ?"

"எந்தச் சொல்லு பொய் எண்டு காட்டுங்கோ பாப்பம்."

நான் ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். ஒன்றையும் காட்ட ஏலவில்லை. இத்தனை நாளும் எங்கள் வீட்டில் பிழையான ஆள் தேர்தலில் நின்றிருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது.

கெஸ்லர் வந்தார். ஞாயிறு ஐந்தரைக்கு, நல்ல மழையில், ஒன்பது பெண்களோடு மலையேறினார். பாதி வழியில் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினாராம். பூமணி அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் அன்று அவர்களோடு போனார், தான் போன் எடுத்துச் செய்த வேலையைத் தன் கண்ணால் பார்க்க. மேலே போய்ச் சேர்ந்ததும் கெஸ்லர் ஒவ்வொருவராகக் கை கொடுத்து நன்றி சொன்னாராம். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றிருக்கிறார்கள்.

இலையுதிர் காலத்தில் நகரசபையில் அந்த விஷயம் திரும்ப வந்தது. நான் பார்வையாளர் வாங்கில் இருந்தேன். ஆதரவானவர்கள் கை தூக்கலாம் என்று தலைவர் சொன்னார். டொக்டரின் கை எழும்பியது. கெஸ்லரின் கை எழும்பியது. அந்த ஒரு கை போதுமாக இருந்தது. நான் துள்ளி எழுந்துவிட்டேன், பார்வையாளர்கள் அமைதியாக இருக்க வேண்டும் என்று என்னை எச்சரித்தார்கள். சந்தோசத்தின் அடியில் ஒரு சின்ன எரிச்சலும் இருந்தது என்பதை ஏன் மறைப்பான், உள்ளூர்ப் பத்திரிகையில் பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டது கெஸ்லர்தான்.

இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் கடைக்கு வருகிறார். இஞ்சி வாங்குகிறார், சிலவேளை முறுக்கும். தட்டில் தொங்கும் இந்த வார இதழைப் புரட்டி என் படத்தைக் கண்டுபிடித்து, இதில் என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்கிறார். ஒரு பழைய வியாபாரியின் கதை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இதை வாசிக்கிறவர்களில் பலர் என் கடைக்கு வருகிறவர்கள், நல்ல ஜெர்மனும் தெரிந்தவர்கள். உங்களிடம் கையெடுத்துக் கேட்கிறேன். சனிக்கிழமை வெண்டைக்காய்ப் பெட்டியடியில் தொப்பியோடு ஒருவர் நின்றால் வணக்கம் சொல்லுங்கள், முறுக்கு எப்படி என்று கேளுங்கள், இந்தப் பக்கத்தை மட்டும் மொழிபெயர்த்துச் சொல்லிவிடாதீர்கள். அடுத்த நாள் காலை ஆறு மணிக்குச் சாந்தி பஸ் ஏற வேண்டும்.